கவிழ்த்து வைத்த சிரட்டை

மதினி சிரட்டையைக் கவிழ்த்த விதம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ரப்பர் மரத்தில் வெட்டுக்குக் கீழே, பால் வடிந்து விழுவதற்காகத் தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கம்பி வளையத்தில் இருத்தியிருப்பார்கள். பாலை எடுத்து முடித்த பிறகும், வானம் கறுத்த நாட்களிலும் அதைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் மழைத் தண்ணீரும் பட்டை அழுக்கும் தேங்கி, அடுத்து வரும் பாலைக் கெடுத்துவிடும். மற்றவர்கள் கை போன போக்கில் கவிழ்த்துவிட்டு மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேரப் பார்ப்பார்கள். மதினி ஒவ்வொன்றையும் இடுப்பில் செருகிய துணியால் துடைத்து, தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைப்பது போலக் கவிழ்ப்பார். ஒருநாள் உதவி செய்கிறேன் என்று நானும் கூடப் போய், எல்லை தெரியாமல் அடுத்த வரிசை மரத்தில் கை வைத்துவிட்டேன்.

"ஐயையோ தம்பி, அது நம்ம மரமில்ல. அவங்கவங்க மரம் அவங்கவங்களுக்கு. கவுத்தவங்கதான் வந்து நிமித்தணும்" என்றார்.

அது தோட்டத்து முறை. ஒருவருக்குப் பிரித்துக் கொடுத்த மரத்தை இன்னொருவர் தொடுவதில்லை. தொட்டால், பாலில் தூசி விழுந்ததிலிருந்து பட்டையில் கீறல் பட்டதுவரை எல்லாம் தொட்டவர் தலையில் வரும். நான் கையை எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு வாக்கியம் பின்னால் ஒரு பாட்டாகும் என்று அன்றைக்கு அவருக்கே தெரியாது.

நான் ஓரிடத்தில் தங்காதவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடமும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினேன். இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக் குழிகளில் தண்ணீர் இறைத்தேன். கித்துல்கலயில் வெள்ளைக்காரர்கள் ஆற்றில் மிதந்து விளையாடுகிற படகுகளை மேட்டிலிருந்து கரைக்குத் தலையில் சுமந்தேன். எங்கேயும் ஒட்டாதபோது, எஹலியகொடைக்கு மேலே அண்ணன் குடும்பம் இருந்த தோட்டத்துக்குப் போவேன். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா, முன்னால் புகை படிந்த அடுப்படி. நான் வாசலில் தலை காட்டியதும் மதினி இன்னொரு பிடி அரிசியைப் பானையில் போட்டுவிட்டு அண்ணனைக் கூப்பிடுவார். "இங்க வாங்க, ஒங்க தம்பி வந்திருக்காரு. இந்தத் தடவ கல்லு கெடச்சிச்சா, காய்ச்சல் கெடச்சிச்சான்னு கேளுங்க." பெரும்பாலும் காய்ச்சல்தான் கிடைத்திருக்கும்.

எங்கள் குடும்பம் வேதக்காரக் குடும்பம். மதினி அப்படியல்ல. மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்து லயத்தில் பிறந்தவர். அண்ணனைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். அவர் பிறந்த பக்கத்தில், இழவு வீட்டில் பெண்கள் சாமியைத் திட்டுவது வழக்கம். கண்ணைப் பொத்திக்கொண்டாயா, கல்லாகவே போய்விட்டாயா என்று மாரியாத்தாளை வாய்க்கு வந்தபடி ஏசி அழுவார்கள். எட்டாம் நாள் போய் அவளுக்கே கற்பூரமும் காட்டுவார்கள். சாமியும் சனமும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் சபையில் அது கிடையாது. எங்களுக்குத் துக்கம் வந்தால் ஆறுதல் பாட்டுத்தான். திட்டுவது ஞானஸ்நானத் தண்ணீரோடு போய்விட்டதாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மதினியின் குரல் இனிமையானது என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் கரகரப்பு. ஆனால் பாட்டுக் கட்டுவார். பால் வாளியோடு நடக்கும்போதே இரண்டு வரி வந்துவிடும். வேலையை மேற்பார்க்கும் தோட்டத்துக் கண்டக்டர் குடைக்குள் நின்றுகொண்டு மற்றவர்களை மழையில் புல்லு வெட்ட விரட்டிய ஒரு நாள், "கொட பிடிச்சு நிக்கிறாரு கண்டக்டரு, மழை கொடைக்கு வெளிய நின்னு எங்கள வேல வாங்குது" என்று இழுத்தார். அன்று முழுக்க மலைச்சரிவில் அந்த வரியே ஓடியது. கண்டக்டரும் கேட்டிருப்பார். அடுத்த மழைக்கு அவர் குடை இல்லாமல் வந்தார் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். வரவில்லை, அதே குடையோடுதான் வந்தார்.

தோட்டத்து ஜெபவீடு தகரக் கூரை போட்ட சின்னக் கட்டிடம். அதைப் பார்த்துக்கொண்டவர் உபதேசியார். அங்கே அறுப்பின் பண்டிகைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வீடும் எழுந்து நின்று தானே கட்டிய ஒரு பாட்டைப் பாடவேண்டும். வீட்டுப் பாட்டு என்போம். நான்கு அடி; அடி என்று நாங்கள் சொல்வது ஒரு முழுச் சரணத்தை. முதல் மூன்றில் அந்த வருடம் பட்ட பாட்டைச் சொல்லலாம்: மண் சரிந்தது, பிள்ளைக்கு எலிக்காய்ச்சல் வந்தது, மழையால் வேலை இல்லாமல் போனது. நான்காவது அடி நன்றி சொல்வதாக இருக்கவேண்டும். அது முடிந்ததும் சபை முழுவதும் ஒரே வாயாக "ஆமென்" சொல்லும். உடனே அடுத்த வீடு எழும்பும். எத்தனையோ வருடப் பழக்கம். நான்காவது அடியின் கடைசிச் சொல் பாடுகிறவர் வாயிலிருந்து விழுவதற்குள் ஆமென் வந்துவிடும். பிள்ளைகள் தூக்கத்திலேயே சொல்லும். எங்கள் வீட்டுப் பாட்டை மதினிதான் கட்டுவார். பாட்டு வராத மற்ற வீடுகளும் அவரிடம் வந்து கட்டி வாங்கிப் போகும். அதனால் அந்தச் சபையின் நன்றியில் பாதி அவர் வாயில் பிறந்தது என்று சொல்லலாம்.

அண்ணன் இறந்தது ஒரு நீண்ட மழைக்காலத்தில். மழை நின்றால்தான் பால் வெட்டு. காலையில் எல்லாரும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்பார்கள்; கண்டக்டர் வானத்தைப் பார்ப்பார், மரப்பட்டையைத் தொட்டுப் பார்ப்பார், கையை விரிப்பார். அன்றைக்குப் பேர் கிடையாது, அதாவது அன்றைய கூலி கிடையாது. அப்படிப் பல நாட்கள் போனபின், அண்ணன் கீழே வயல் பக்கத்தில் சிங்களக் கூட்டாளிகள் தோண்டிய மாணிக்கக் குழிக்கு வேலைக்குப் போனார். நானும் அந்த வேலை செய்தவன்தான், அதனால் எனக்குத் தெரியும்: குழி திறக்கும் முன்னால் அந்த இடத்துத் தெய்வத்துக்கு ஒரு விளக்கு வைப்பார்கள். கூட இறங்குகிற அத்தனை பேரும் அந்த விளக்கில் கை வைத்து ஏற்றவேண்டும். ஒருவன் ஒதுங்கி நின்றாலும் எல்லாருக்கும் ஆகாது என்பது நம்பிக்கை. ஒதுங்கியவனை இறங்க விடமாட்டார்கள். அண்ணனும் ஏற்றினார். சபை ஆள் ஒருவர் வயல் வரப்பில் போகும்போது அதைப் பார்த்துவிட்டார்.

ஒரு மத்தியானம் குழியின் ஒரு பக்கச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மற்றவர்கள் மேலே இருந்தார்கள். அண்ணன் கீழே இருந்தார். செய்தி கிடைத்து நான் கித்துல்கலயிலிருந்து வந்து சேர்ந்தபோது தோண்டிக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கித் தோண்டினேன். குழி ஓரத்தில் சபையார் நின்று பாடினார்கள். எல்லாம் நல்ல பாட்டுகள், கைவிடமாட்டார், தூக்கி எடுப்பார் என்ற பாட்டுகள். மதினியும் அவர்களோடு சேர்ந்து பாடினார். சிறுமியான தன் மகளை முழங்காலோடு சேர்த்துப் பிடித்தபடி, அந்தச் சொற்களை மண்ணுக்குள் அனுப்பிவிடலாம் என்பது போல, குழியைப் பார்த்துக் குனிந்து பாடினார். மறுநாள் மத்தியானம் அண்ணனைத் தூக்கி எடுத்தோம். பாட்டு நின்றது. மதினி அழவில்லை. எங்கள் பக்கத்தில் ஏசி அழக்கூடாது. வேறு விதமாக அழ அவருக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை என்று நினைக்கிறேன்.

அடக்கம் நடந்தது. ஆனால் சிலுவை நடப்படவில்லை. பலாப்பலகையில் நானே செய்த சிலுவை. செதுக்கத் தெரியாததால் ஒரு கை கொஞ்சம் நீளம். வேறு தெய்வத்துக்கு விளக்கு ஏற்றியவன் தலைமாட்டில் சிலுவை வைக்கலாமா என்று சபை மூப்பர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த விளக்கால்தான் கர்த்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்ற பேச்சும் கூடவே பிறந்தது. ஒருவரும் மதினியின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. தண்ணீர்ப் பீலியடியில் அவர் குடத்தோடு போய் நின்றால், பேச்சு மட்டும் சட்டென்று மழையைப் பற்றியதாக மாறிவிடும். சிலுவை ஜெபவீட்டுக் கதவுக்குப் பின்னால், விளக்குமாறுகளோடு சாய்ந்து நின்றது.

நான் அந்தத் தடவை கிளம்பவில்லை. மழை விட்ட நாட்களில் தோட்டத்தில் புல்லு வெட்டப் போனேன். அறுப்பின் பண்டிகை நெருங்கியபோது உபதேசியார் லயத்துக்கு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. அண்ணனுக்காகக் குழி ஓரத்தில் தொண்டை கட்டும்வரை பாடியவர். அவருக்கும் பயங்கள் இருந்தன. கீழே ரோட்டோரத்தில் ஒலிபெருக்கி வைத்த புதிய ஜெபக்கூடம் ஒன்று வந்திருந்தது. அங்கே அற்புதம் நடக்கிறது என்று வாரத்துக்கு ஒரு குடும்பம் போய்க்கொண்டிருந்தது. இருக்கிற சனத்தின் மனது உடைந்தால் சபையும் உடையும் என்று அவர் பயந்தார். அடுப்படிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, மூப்பர்களோடு பேசி ஒரு வழி கண்டிருப்பதாகச் சொன்னார். மதினி வழக்கம்போல வீட்டுப் பாட்டைப் பாடட்டும். நன்றிச் சரணத்தை மட்டும் தான் எழுதித் தருவதாகவும், அதைப் பாடினால் அன்றைக்கே சிலுவையை நட்டுவிடலாம் என்றும் சொன்னார். எழுதியதை வாசித்தும் காட்டினார். அந்நிய விளக்கை ஏற்றிய குற்றத்தை மன்னித்தீர், எங்களைத் தண்டித்துத் திருத்தினீர், உமக்கு ஸ்தோத்திரம் என்று வந்தது.

மதினி சுளகில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "இத நான் பாடுனா, இவ அப்பா செஞ்ச குத்தத்துக்குத்தான் செத்தாருன்னு இவ காதுபட நானே சொன்னதாகும், இல்லீங்களா ஐயா?" என்றார். மகள் பக்கத்தில்தான் இருந்தாள்.

"அப்படி இல்ல தங்கச்சி. எல்லாரும் பாவிங்கதான்."

"அப்ப எல்லாரு பேரையும் போட்டு எழுதுங்க. எல்லாருமா சேந்து பாடுவோம்."

உபதேசியார் தேத்தண்ணீரைக் குடித்தார். "சரி, நீ கட்டுனத பாடிக் காட்டு."

மதினி பாடவில்லை; சொல்லிக் காட்டினார். அப்போது மூன்று அடிதான் இருந்தது.

கவுத்து வச்ச செரட்டை நான் – என்
கர்த்தரே, கண் தெரியலையா?
சுத்தியெல்லாம் மழை பெஞ்சும் – ஒரு
சொட்டு உள்ள எறங்கலையே.

மலையப் பாத்துக் கூப்பிட்டேன் – என்
கொரலேதான் மறுமொழியா?
வாசல் வந்து நின்னேனே – நீர்
வீட்ட விட்டுப் போயிட்டீரோ?

மண்ணு மூடும் நேரத்துல – அவர்
மனசு சொன்னது யாரு பேரு?
உம்ம பேரத் தானேய்யா – நீர்
ஊர விட்டா போயிருந்தீர்?

உபதேசியார் கண் கலங்கியதைப் பார்த்தேன். ஆனால் மனிதர் தன் வேலையை விடவில்லை. அவரும் ஒரு காலத்தில் பால் வெட்டியவர். "செரட்டைய ஏன் கவுக்கிறோம் தங்கச்சி? வேணாமுன்னா கவுக்கிறோம்? அழுக்குத் தண்ணி விழாம காக்கத்தானே கவுக்கிறோம்? அப்ப உன்னக் கவுத்து வச்சதும் காக்கத்தான். நாலாவது அடியில இத வச்சுப் பாடு. அழகா இருக்கும்" என்றார். வாதம் வென்றுவிட்டது என்று எனக்கே தோன்றியது. நல்ல வாதம்தான்.

மதினி சுளகைக் கீழே வைத்தார். "காக்கத்தான் கவுக்கிறோம், சரிதாங்க ஐயா. ஆனா நான் கவுத்தா விடிஞ்சதும் நானே போயி நிமித்துறேனே. மழை விட்டும் நிமித்தாம விட்டுட்டா, கண்டக்டரு என்ன சும்மா விடுவாரா? எனக்கு எத்தன விடியல் போச்சு, எண்ணிப் பாத்தீங்களா?"

அவர் எழுந்து, எழுதிய தாளை மடித்து ஸ்டூலில் வைத்துவிட்டு, "நாலாவது அடி நன்றிதான். அது மட்டும் மாத்த ஏலாது. சிலுவையும் அதுக்குப் பொறகுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மதினி அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. இயேசுசாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அடுப்பு பற்றவைக்கக்கூட அதை எடுக்கவில்லை.

பண்டிகை நாளிலும் தூறல். ஜெபவீட்டுக்குள் பலாக்காயும் வாழைக்குலையும் பூசணியும் குவித்து வைத்திருந்தார்கள். ஆராதனைக்குப் பிறகு அவற்றை ஏலம் விடுவார்கள். ஏலத்துக்காகச் சபையில் சேராத கோயில் பக்கத்துச் சனமும் வந்து வாசலில் நிற்கும். கங்காணி வீட்டு அக்கா வருடா வருடம் வருவார். நெற்றி நிறைய திருநீறோடு முன்னாலேயே வந்து, எந்தப் பூசணியைக் கேட்பது என்று கண்ணால் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். வீடுகள் ஒவ்வொன்றாக எழும்பிப் பாடின. ஆமென், ஆமென் என்று வரிசை ஓடியது. எங்கள் வீட்டு முறை வந்தது. மதினியும் மகளும் நானும் எழுந்தோம். நான் வெறுமனே வாயசைப்பவன்.

மூன்று அடியும் பாடும்போது தகரத்தில் தூறல் மட்டும் கேட்டது. மூப்பர்கள் உபதேசியாரைப் பார்த்தார்கள். உபதேசியார் தரையைப் பார்த்தார். நன்றிச் சரணம் வரப்போகிறது, அது வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். தாளில் இருந்ததைத்தான் பாடப்போகிறாரோ என்று நானும் பயந்தேன். ஒரு சிலுவைக்காக யாரும் பாடிவிடுவார்கள். பாடியிருந்தால் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன். மதினி மகளின் தோளில் கையை வைத்துக்கொண்டு நான்காவது அடியை எடுத்தார்.

விடியும்போது நிமித்த வரும் – கை
வெட்டுக்காரிக்கு இருக்குதய்யா.
என்னக் கவுத்து வச்ச கை – அது
எந்தத் தோட்டம் போனதய்யா?

"ஆமென்!" என்றது சபை.

பழக்கம்தான். நான்காவது அடி முடிந்தால் ஆமென். மூப்பர்கள் சொன்னார்கள், பெண்கள் சொன்னார்கள், மடியில் கிடந்த பிள்ளைகள் சொன்னார்கள். சொல்லி முடித்த பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்பது ஒவ்வொரு முகமாக ஏறியது. ஒரு மூப்பர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஆனால் பொத்துவதற்கு உள்ளே ஒன்றும் மீதி இருக்கவில்லை. தூறல் கனத்து மழையானது. அடுத்த வீட்டுக்காரர்கள் எழும்புவதா உட்காருவதா என்று தெரியாமல் பாதியில் நின்றார்கள்.

வாசலிலிருந்து கங்காணி வீட்டு அக்காவின் குரல் வந்தது. "என்னா மூப்பரே, முழிக்கிறீங்க? எல்லாருமா சேந்து கைநாட்டு வச்சாச்சு. இனி சாமிதான் பதில் சொல்லணும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்போடு ஒரு பெண் அழத் தொடங்கினார். அவருடைய பிள்ளை அதற்கு முந்திய வருடம் காய்ச்சலில் போயிருந்தது. அந்த வருடம் அவர்கள் வீட்டு நன்றிச் சரணத்தையும் மதினிதான் கட்டிக் கொடுத்திருந்தார். ஒருவர் அழ, இன்னொருவர் சேர்ந்தார். எங்கள் ஜெபவீட்டில் அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அது ஆறுதல் அழுகை அல்ல. ஏசுகிற அழுகை.

உபதேசியார் எழுந்து முன்னால் வந்தார். ஜெபம் பண்ணப்போகிறார், சபையின் பிழையைப் பொறுக்கும்படி கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடி, "கர்த்தரே, நீர் கேட்டீர். நாங்களும் கேட்டோம்" என்றார். அவ்வளவுதான். பிறகு கதவுப் பக்கம் நடந்து, விளக்குமாறுகளை ஒதுக்கி, சிலுவையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

மூத்த மூப்பர், "உபதேசியாரே, நன்றி இன்னும் பாடலையே" என்றார்.

"ஆமென் சொல்லிட்டோமே ஐயா. ஆமென திரும்ப வாங்க நமக்கு அதிகாரம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே மனிதர் மழையில் இறங்கினார். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாதிச் சபை பின்னால் வந்தது. மீதிப் பாதி வாழைக்குலைகளோடு இருந்துகொண்டது. கங்காணி வீட்டு அக்கா பூசணியை மறந்துவிட்டு மதினிக்குக் குடை பிடித்து வந்தார். ஈர மண் என்பதால் குழி சுலபமாக வந்தது. நீளமான கை எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று உபதேசியார் என்னிடம் கேட்டார். மதினிதான், "மேட்டுப் பக்கம். வீட்டப் பாத்து இருக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் பல இடங்களுக்குப் போனேன். பாட்டைப் பற்றிப் பேச எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் பஸ்ஸில் வாழ்க்கையில் பாதியைக் கழித்தவன் என்பதால் சோகப் பாட்டுகள் நிறையக் கேட்டிருக்கிறேன். கேகாலைக்குப் போகிற பஸ்ஸில் தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி அழுவார்கள். நம்பிக்கை செத்துப்போன பாட்டு, கடவுளே கண் திறக்கவில்லை என்ற பாட்டு. நடுவில் ஒரு புல்லாங்குழல் வந்து துக்கத்துக்கு எண்ணெய் தடவிச் சீவிவிடும். கேட்க நன்றாக இருக்கும். கேட்டுக்கொண்டே தூங்கியும் போகலாம். மதினி பாட்டைக் கேட்டுத் தூங்க முடியாது. அதில் ஒரு ஆளைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்திருக்கிறார். ஒருநாள் நான் கேட்டேன், கடவுள் இல்லை என்றே சொல்லிவிடலாமே மதினி, எதற்கு இந்த வழக்கு என்று. நான் அந்த யோசனையில் இருந்த காலம் அது. அவர் சிரித்தார். "வீட்ட விட்டுப் போனவரு செத்தா போனாரு? நீங்களும்தான் வீட்ட விட்டுப் போறீங்க. ஒங்களுக்கு நான் சோறு எடுத்து வைக்காமலா இருந்தேன்?" இன்றுவரை அந்த விஷயத்தில் நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை.

மதினி அதற்குப் பிறகு புதிய வீட்டுப் பாட்டு கட்டவில்லை. ஒவ்வொரு பண்டிகைக்கும் அதே நான்கு அடியைப் பாடினார். உபதேசியார் எங்கள் வீட்டைக் கடைசியாக எழும்ப வைத்தார். அதற்குப் பிறகு வேறு பாட்டு எடுபடாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சபை உடையும் என்று பயந்தாரே, அது நடக்கவில்லை. பெருகிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பாட்டுக்காகவே ஆட்கள் வந்தார்கள். கணவன் ஓடிப்போனவள், வெளிநாட்டு வேலைக்குப் போன மகளிடமிருந்து சத்தமே வராத தகப்பன், கோயில் பக்கத்து ஆட்கள்கூட. வந்து, நான்காவது அடிவரை காத்திருந்து, தெரிந்தே ஆமென் சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் தடவை தவறிச் சொன்னதை அடுத்த வருடங்களில் வேண்டுமென்றே சொன்னார்கள். நான் பார்த்தவரையில் எங்கள் சபை ஒன்றாகச் சேர்ந்து செய்த துணிச்சலான காரியம் அதுதான்.

உபதேசியார் இப்போது இல்லை. மதினி கேகாலையில் மகளோடு இருக்கிறார். மகள் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள், சிங்களம் தண்ணீராகப் பேசுகிறாள். போன மாதம் நான் போயிருந்தபோது, அம்மாவின் பாட்டைப் போனில் பதிந்து எல்லாரும் கேட்கும்படி போடவேண்டும் என்று தெரிந்த பையன் ஒருவனைக் கூட்டி வந்திருந்தாள். கீபோர்ட் வாசிக்கிற பையன், மரியாதையானவன். பாட்டைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழுத்தைச் சொறிந்தான். "அம்மா, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா முடிவு கொஞ்சம் இருட்டா இருக்குங்க. கடைசியில நம்பிக்கையா ஒரு சரணம் சேர்த்துப் பாடுறீங்களா? கேக்கிறவங்களுக்கு ஒரு வெளிச்சம் வேணுமில்ல?"

நான் மதினியைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது, பால் வெட்டிய விரல்கள் கொஞ்சம் கோணிவிட்டன. உபதேசியார் எழுதித் தந்த தாள் இங்கேயும் சாமிப் படத்துக்குப் பின்னால்தான் இருந்தது. மடிப்பில் மஞ்சளாகித் தெரிந்தது. மதினி அதைப் பார்க்கவில்லை. பையனுக்குத் தேத்தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

"என் பங்க நான் பாடிட்டேன் மகன். மிச்சம் அவரு பாட வேண்டியது. அவரு வந்தாருன்னா அவரயும் கூப்பிட்டுப் பதிஞ்சுக்கங்க" என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். பையன் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதுவும் சரிதான் என்பதுபோலப் போனை எடுத்தான். மதினி நேராக உட்கார்ந்து, குரலைச் செருமி, நான்கு அடியும் பாடினார். நான்காவது முடிந்ததும் நானும் மகளும் ஆமென் என்றோம். பழக்கம்தான்.

மறுநாள் நான் எஹலியகொடைக்குப் போய், மேலே தோட்டத்துக்கு நடந்தேன். கல்லறை மேட்டில் அண்ணனின் சிலுவை கொஞ்சம் சாய்ந்திருந்தது. நிமிர்த்திக் கல் அடைகொடுத்தேன். திரும்பும் வழி ரப்பர் மரங்களுக்கு நடுவே. மழை பிடித்துக்கொண்டது. வேலை இல்லாத நாள், ஒரு ஆள் இல்லை. மலைச்சரிவு முழுக்க மரத்துக்கு ஒன்றாகச் சிரட்டைகள் கவிழ்ந்திருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் மழை விழுந்து தெறித்தது. ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்றபோது, கை சும்மா இராமல் ஒரு சிரட்டையின் விளிம்பை விரலால் லேசாகத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. துடைத்து வைத்தது போலக் காய்ந்திருந்தது. இத்தனை மழையிலும் அப்படி ஒரு காய்ந்த இடம் அந்த மலையில் வேறெங்கும் இருந்திருக்காது. உபதேசியார் சொன்னதும் நினைவுக்கு வந்தது, மதினி சொன்னதும் நினைவுக்கு வந்தது. இரண்டும் அந்தச் சிரட்டைக்குள் இருந்தன. மழை விடுவது போலிருந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

விரலை எடுத்துக்கொண்டேன். அது என் மரமில்லை.